இளைப்பொழித்தல்

சிவமயம்

முழுமுதற்பொருளாகிய சிவபெருமான் கைம்மாறு கருதாது உயிர்களின்பொருட்டுச் செய்தருளுந் தொழில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தாம். இவற்றுள் படைத்தலுங் காத்தலும் அருளலும் நலஞ்செய்வனவாதல் எவர்க்கும் எளிதின் விளங்கும். மறைத்தலின் இயல்பு பிறிதோரிடத்து ஆராயற்பாலது. அழித்தல் என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே உலகினர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளுணராமையான் வருவதாம். உள்ளது இல்லதாதல் யாண்டுமில்லை என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. பிறவிதோறும் உடம்பெடுத்து வினைப்பயன்களை நுகர்ந்து நுகர்ந்து களைத்த உயிர்களுக்கு, அவற்றின் தநு கரண புவன போகங்களை மாயையின்கண் ஒடுக்கிச் சின்னாள் ஓய்வளித்தலே சங்காரமாகும். அஃது உயிர்களின் இளைப்பை ஒழித்தற்கெனச் செய்யப்படும் அருட்செயல் என்பதே சிவஞான சித்தியாரின் கருத்து. ஓய்வு கழிந்தபின் எஞ்சிய வினையை நுகருமாறு அவ்வுயிர்கள் மீளவும் படைக்கப்படும். ஆகவே இளைப்பொழித்தலாவது கடமையை அறவே நீக்கிவிடுதல் அன்று. அதனை மீண்டுந் தாங்குதற்கு வேண்டும் ஆற்றலை உதவுதல் என்பது பெற்றாம்.

இவ்வுண்மையைப் பன்முறை மேடையேறி விரித்துரைத்துள்ளேம். ஒருமுறை ஒரு திருக்கோயில் மண்டபத்தே இதனையே பேசிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்ததொன்றை இன்று நாணத்தோடு கூறுகின்றோம். கூட்டத்தின் பின்வரிசையில் ஓர் அம்மையார் தம் மகனோடு வந்து அமர்ந்திருந்தார். மகனுக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும். பேச்சில்லை, கைகள் தம் வயத்தன அல்ல. மணியோசை கேட்டவுடன் அப்பிள்ளை உரக்கக் கூவினான். அக்கூவல் மகிழ்ச்சியால் எழுந்ததென்பது பின்னரே எமக்குத் தெரிந்தது. தொண்டர் இருவர் சென்று, “அம்மா, சொற்பொழிவுக்கு இடையூறாகின்றது, வெளியே அழைத்துச் செல்லுங்கள்” என்றனர். அம்மையார் ஒன்றுஞ் சொல்லாது எழுந்து மகனைத் தாங்கிக்கொண்டு சென்றார். யாம் அதனைக் கண்டும் பேச்சை நிறுத்திலேம். இறைவன் இளைத்தார்க்கு ஓய்வளிப்பவன் என்று நாவினாற் சொல்லிக்கொண்டே, இளைத்த தாயொருத்தியைப் புறம்போக்க உடன்பட்டிருந்தேம்.

அன்றிரவு துயில் வரவில்லை. சின்னாள் கழித்து அவ்வம்மையாரின் இல்லத்தை வினவிச் சென்றேம். அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லுங் கூறாமல் மோர் கொடுத்து உபசரித்தார். யாம் வினவியபின்னரே தம் வாழ்க்கையைச் சொன்னார். பிள்ளைக்கு மூளை முடக்குவாதமும் வலிப்பும் உண்டு. உணவைக் குழைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுதற்கு ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். படுக்கைப்புண் வாராதிருத்தற்பொருட்டு இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து புரட்டிவிடல் வேண்டும். கணவர் தொலைவிலுள்ள ஊரிற் பணி செய்கின்றார். மூத்த மகளின் மணநாளிலும் பந்தலில் ஒரு நாழிகை அமர்ந்திலர். “ஆருத்திரா தரிசனஞ் செய்து பதினாறு ஆண்டாயிற்று, ஐயா. இவனை எனக்குப் பாரமென்று நினைத்ததில்லை. ஒருநாள், ஒரேயொரு நாள், அஞ்சாமல் உறங்கவேண்டும் என்றுதான் நினைப்பேன். அப்படி நினைத்ததற்காகவே அழுவேன்” என்றார்.

இம்மொழிகளை ஆராய்வோமாக. அவர்க்குச் சுமையாயது மகவு அன்று. பகிர்ந்துகொள்வார் இல்லாத தனிமையே. உயிர்கள் நாடோறும் நனவினின்றுங் கனவுக்கும், கனவினின்றும் உறக்கத்துக்குஞ் செல்லுமாறு அமைத்திருப்பது இறைவன் திருவருள். கருவிகள் ஒடுங்கும் உறக்கம் நாள்தோறும் நிகழும் சிறியதோர் ஒடுக்கம் என்னலாம். ஆண்டுக்கணக்காக உறக்கம் கலைந்து கலைந்து வாழும் ஒருவரின் உடம்பு நோயுறும், உள்ளஞ் சோரும், அன்பு குறையாதிருக்கவும் பொறுமை குறையும். பொறுமை குறைந்த கணத்தில் ஒரு கடுஞ்சொல் பிறந்துவிடின், அதனை நினைந்து தாய் தன்னையே வெறுப்பாள். இத்தகைய குடும்பத்தினர்க்குச் சில மணி நேரமோ சில நாளோ, பழகிய கைகள் பிள்ளையை ஏற்றுக் காத்து, அவர்க்கு ஓய்வளிக்கும் ஏற்பாட்டினையே மேல்நாட்டார் ஓய்வுப் பராமரிப்பு என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். யாம் அதனை இளைப்பாற்றுப் பணி என்போம்.

இனி, சைவர் சிலர் உள்ளத்தே எழும் தடைகளை எடுத்து ஆராய்தும்.

“இக்குறைபாடு அவ்வுயிரின் பிராரத்த வினை; பெற்றோர்க்கு நேர்ந்த துன்பமும் அவர்தம் வினை. வினையை நுகர்ந்தன்றோ கழித்தல் வேண்டும்? இடையே புகுதற்கு நாம் யார்?” என்பர் ஒருசாரார். இது வினைக்கொள்கையை அறிந்தார் கூற்று அன்று. பிராரத்தம் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என மூவகையான் வந்து பொருந்தும். பிற உயிர்கள் வாயிலாகத் துன்பம் வருதல் போலவே இன்பமும் வரும். ஒரு தாய்க்கு இத்துணைத் துன்பமே உரித்து என்று வரையறுத்துக் கூறுதற்கு நம்மிடம் வினைக்கணக்கு யாதுளது? நாளைக் காலை நம் கையால் அவர்க்கு வரவிருக்கும் ஓய்வும் அவர்தம் நல்வினைப்பயனே ஆகலாம். நாம் கையை மடக்கிக்கொள்வோமாயின் அதனால் விளையும் ஆகாமியம் நம்முடையதேயாம். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அத்தொழிலை நாம் மேற்கொள்ளுதல் தகாது. இரங்குதலும் உதவுதலுமே நமக்கு விதிக்கப்பட்டன.

நம்பியாரூரர் வரலாற்றை நினைமின். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்தமையால் அவர் கண்ணொளி இழந்தார். அவ்விழப்பிற்குக் காரணம் வெளிப்படை. அவ்வாறாகவும் இறைவன், “இது நின் செயலின் பயன், நீயே தடவிச் செல்வாயாக” என்று வாளாவிருந்தானல்லன். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தருளினான். பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் அருளினான். கண் பெறுதற்குரிய காலம் வருமளவும் கோல் வேண்டுமென்பதைத் திருவுளங்கொண்ட பெருமானின் அடியவரென்று சொல்லிக்கொள்ளும் நாம், காரணம் அறியப்படாத குழவியின் குறையை வினையென்று சுட்டி ஊன்றுகோலையும் மறைத்துவைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு சாரார், “இப்பிள்ளைகட்கு அறிவு விளக்கமின்மையின் அவர்பாற் செய்யுந் தொண்டாற் பயனென்னை?” என்பர். அற்றன்று. உயிர் வேறு, கருவி வேறு என்பது சித்தாந்தத்தின் அரிச்சுவடி. மனம் புத்தி சித்தம் அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களும், கண் கை முதலிய புறக்கருவிகளும் மாயையின் காரியங்கள். ஆணவ இருளில் உயிர்க்குச் சிறிது விளக்கந்தருதற்கு இறைவன் கொடுத்த விளக்கினை ஒப்பன. நம் விளக்கு ஒருவகையால் ஒளிர்கின்றது. அப்பிள்ளையின் விளக்குப் பிறிதொருவகையால் ஒளிர்கின்றது. விளக்கின் வேறுபாடு கொண்டு உயிரைத் தாழ்த்தல் கூடாது. உயிருக்குயிராய் நிற்கும் இறைவன் ஈரிடத்தும் ஒப்ப நிற்கின்றான். அன்று மண்டபத்தில் மணியோசை கேட்டு மகிழ்ந்து கூவினாரிருவர் இலர்; ஒருவனே கூவினான். அவனையே யாம் புறம்போக்கினேம். பிறவியிலேயே கண்ணொளியில்லாத தண்டியடிகள், நட்ட தறிகளிற் கட்டிய கயிற்றைத் தடவிச் சென்று ஆரூர்த் திருக்குளத்தைத் தோண்டினார். கயிறு கட்டப்பட்ட இடத்தே தொண்டு தானே நடந்தது.

மூன்றாவது தடை பெற்றோர் உள்ளத்திலேயே எழுவது. “பெற்றவள் பிள்ளையைப் பிறர்பால் விட்டுச் செல்லுதல் குற்றமன்றோ?” என்று அவர் அஞ்சுவர், சுற்றத்தாரும் அவ்வச்சத்தை வளர்ப்பர். அதற்கு விடை திரிசிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கின்றது. கருவுற்றிருந்த இரத்தினாவதியென்பாளுக்கு உதவப் புறப்பட்ட தாய், காவிரி பெருகினமையான் அக்கரையிலே தடைப்பட்டாள். அவ்விடைக்காலத்தே இறைவன் அத்தாயின் வடிவங்கொண்டு வந்து, செய்யவேண்டுவன எல்லாஞ் செய்து, மகளையுங் குழவியையுங் காத்தான் என்பது தலவரலாறு. வெள்ளம் வடிந்து மெய்த்தாய் வந்தவுடன் மறைந்தருளினான். தாய் வாராத நாளில் தாய்மை நிறுத்திவைக்கப்பட வேண்டுவதொன்று அன்று என்பதும், தாயின் இடத்தில் நிற்பவர் அவ்விடத்தைத் தமதாக்கிக் கொள்ளாமல் உரியகாலத்தே மீளக்கொடுத்தல் வேண்டுமென்பதும் இவ்வரலாற்றான் உணரப்படும். தாயுமானவன் என்னுந் திருநாமமே இளைப்பாற்றுப் பணியின் இலக்கணமாகும்.

மதுரையில் நிகழ்ந்ததும் இதுவே. வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து விடப்பட்டது. ஆளற்ற முதியவளாகிய வந்தியின் பங்கு அடைபடாது கிடந்தது. அவள் பங்கை ஏற்க இறைவன் கூலியாளாய் வந்து பிட்டுண்டு மண் சுமந்தான். இன்று இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோர் பலர் வந்தியைப் போல்வரே. ஊருக்கெல்லாம் உரிய கரையின் ஒரு பகுதியை அவர் தனித்து நின்று காக்கின்றனர். அவர் பங்கை ஒருநாளேனும் ஏற்பார் யாவரோ அவர் ஆலவாயண்ணலின் கூடையைத் தாங்கியவராவர்.

நம் முன்னோர் இவ்வறத்தின் வடிவைக் கல்லிலேயே நாட்டிவைத்தனர். வழியோரத்தே நிமிர்த்திய இரண்டு கல்லின்மேற் குறுக்கே ஒரு கல் கிடத்திச் சுமைதாங்கி என்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுதல் மரபு. அக்கல் வழிப்போக்கனின் சுமையைப் பறித்துக்கொள்வதில்லை. அவன் எங்கே செல்கின்றான், ஏன் சுமக்கின்றான் என்று வினவுவதுமில்லை. பிறர் உதவியின்றித் தானே இறக்கவும் ஏற்றவும் இயலும் உயரத்தே நின்று, சிறிது நேரந் தாங்கும். அவன் கழுத்து நிமிர்த்தி நீர் அருந்திப் பின் தன் சுமையைத் தானே எடுத்துச் செல்வான்.

இளைப்பாற்றுப் பணி நடைபெறும் முறை மூவகைப்படும். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்திற்கே வந்து வாரத்திற் சில மணி நேரம் பிள்ளையோடிருத்தல் ஒன்று. பகற்பொழுதில் பிள்ளைகளை ஓரிடத்து வைத்துப் பேணுதல் இரண்டாவது. சில இரவுகள் தங்கவைத்துக் காத்தல் மூன்றாவது. தாய்க்கு அறுவை மருத்துவம், இல்லத்தில் மரணம் அல்லது மணம் நேர்ந்தவிடத்து இது இன்றியமையாதது. எவ்வகையாயினும் திடீரென்று பிள்ளையை விட்டுச்செல்லுதல் ஆகாது. முதலிற் தாய் உடனிருக்க ஒரு மணி நேரம், பின் அரைநாள், அதன்பின் ஓரிரவு எனப் படிப்படியாகப் பழக்குதல் வேண்டும். உணவின் பதம், ஊட்டும்போது தலையை நிமிர்த்தும் முறை, வலிப்பு மருந்தின் அளவும் நேரமும், வலிப்பு வந்தாற் செய்யற்பாலன, பிள்ளை அஞ்சும் ஓசை, விரும்பும் பாடல், வலியை அறிவிக்குங் குறி ஆகிய இவற்றைத் தாயிடங் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பேச்சில்லாதாரின் மொழியை முதலிற் கற்றவள் தாய். ஏனையோர் அவளிடம் பாடங்கேட்க வேண்டியவரே.

அரசியலாரும் இக்கடமையை ஏட்டளவிலேனும் ஏற்றுள்ளனர். 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28 ஆம் உறுப்பு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்தங் குடும்பத்தாரும் பெறற்பாலனவாகிய அரசுதவிகளுள் ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. இந்தியா 2007 இல் அதனை உறுதிசெய்தது. அதற்கு முன்னரே, 1999 இல், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை என்னும் நான்கினையும் உடையார்பொருட்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. அன்னோர் தத்தங் குடும்பத்தோடு வாழ உதவுதல், குடும்பம் நெருக்கடியுற்ற காலத்து வேண்டும் பணிகளுக்குத் துணைநிற்றல், பெற்றோர் இறந்தபின் பாதுகாப்புக்கு ஆவன செய்தல் என்பன அதன் நோக்கங்களுட் சில. அவ்வறக்கட்டளை 2015 இல் வகுத்த திட்டங்களுள் விகாஸ் என்பது பத்து வயதைக் கடந்தார்க்குப் பகற்பராமரிப்பையும், சமர்த் என்பது ஆதரவற்றார்க்கும் வறிய குடும்பத்தார்க்கும் நெருக்கடியுற்றார்க்கும் தங்கிடத்தையும் கருதியவை. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாட்டின் வகைகளை 21 ஆக விரித்து, மிகுந்த உதவி வேண்டுவார்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகின்றது.

சட்டம் உளது, ஆயினும் ஓர் ஊரிலுள்ள தாய், “நாளை என் பிள்ளையை எங்கே விடுவேன்?” என்று வினவினால் விடையில்லை. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடியர். அவருள் இடையறாத துணை வேண்டுவோரைப் பெரும்பாலும் வீடுகளே தாங்குகின்றன. சட்டம் கட்டணமின்றிக் கல்வி வழங்கும் வயது 6 முதல் 18 வரை. பதினெட்டு நிரம்பியவுடன் பள்ளிக்கதவு அடைபடும். பிள்ளையின் உடம்பு வளர்ந்திருக்கும். தூக்கும் தாயின் முதுகு தளர்ந்திருக்கும். துணை மிக வேண்டப்படுங் காலத்திலேயே துணை அற்றுப்போகின்றது. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிகளும் பகற்பராமரிப்பு இல்லங்களும் அடைக்கப்பட்டபோது, இருந்த சிறு ஓய்வும் இழந்து இரவுபகல் தனித்து நின்ற குடும்பங்கள் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று.

ஈண்டுத்தான் திருமடங்களையும் திருக்கோயில்களையும் நோக்கி விண்ணப்பிக்கின்றோம். மடங்கள் வழிநடந்து களைத்தார்க்கு உண்டியும் உறையுளும் ஈந்த இடங்களேயன்றோ? அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தது வெயிலிற் களைத்தாரின் இளைப்பொழித்தற்கேயன்றோ? மடத்துக்கு உரிய கட்டடங்களுள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடப்பன சில உளவாதல் நம்மனோர் அறிவர். படியில்லாத வாயிலும் அகன்ற குளியலறையும் உடைய ஒரு கூடம், பயிற்சி பெற்ற மகளிர் மைந்தர் நால்வர், அருகே அழைத்தால் வரும் மருத்துவர் ஒருவர் ஆகிய இவை அமையின், வாரத்துக்கு இரண்டு நாள் பகற்பணியைத் தொடங்கலாம். சட்டப்படி பதிவு செய்துகொள்ளுதலும், இத்துறையில் முன்னரே தொண்டாற்றும் நிறுவனத்தாரிடம் பயிற்சி பெறுதலும் முதற்கண் செய்யற்பாலன. அன்பு மட்டும் உடையார் வலிப்பு வந்த பிள்ளையைக் காக்க வல்லரல்லர், பயிற்சியும் வேண்டும்.

எச்சரிக்கை சிலவுங் கூறுவோம். இளைப்பாற்றும் இல்லம் பிள்ளையைக் கைவிடும் இடமாதல் கூடாது. வரும் நாள் போலவே மீளும் நாளும் முதலிலேயே எழுதப்படல் வேண்டும். பேச்சில்லாதார்க்குத் தீங்கு நேரின் அதனை வெளியிட அவரால் இயலாது. ஆதலின் தனித்த ஒருவர் பொறுப்பில் அவரை விடாமை, பணியாளரின் முன்னொழுக்கத்தை ஆராய்தல், பெற்றோர் எந்நேரமும் முன்னறிவிப்பின்றி வந்து காண உரிமை என்பன கட்டாயமாக வைத்துக்கொள்ளப்படும். வளர்ந்த இளைஞரைக் குழவியெனக் கருதி நடத்தாமல், அவர் விருப்பை அவர் காட்டுங் குறியால் அறிந்து மதித்தல் வேண்டும். சமயஞ் சாதி வினவுதல் அறவே தகாது. சுமைதாங்கி அவற்றை வினவுவதில்லை.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். “எமக்குப்பின் இவன் யாரிடம் இருப்பான்?” என்பதே உங்கள் உள்ளத்தை நாளும் அறுக்கும் வாள் என்பதை அறிவோம். உங்கள் கை ஒன்றனையே அறிந்த பிள்ளை அக்கை ஓய்ந்த நாளில் உண்ணவும் மறுப்பான். நீவிர் உயிரோடிருக்கும்போதே வேறு சில கைகளை அவன் அறிந்து, அவற்றில் உண்டு, அவற்றில் உறங்கப் பழகுவானாயின், அவன் உலகம் விரிகின்றது. நீவிர் கொள்ளும் ஓய்வு அவனிடமிருந்து கவர்ந்ததன்று; அவனுக்குச் சேர்த்துவைக்கும் பொருளாம்.

அவ்வம்மையாரின் வரலாற்றை முடித்துக் கூறுதும். கடந்த மார்கழித் திருவாதிரையன்று விடியற்காலை, அவர் தெருவிலுள்ள பெண்மணிகள் இருவரும் முன்னர் அவரை வெளியே போகச் சொன்ன தொண்டருள் ஒருவரும் அவர் இல்லத்திற்குச் சென்றனர். இரண்டு மாதகாலம் வாரந்தோறும் சென்று பிள்ளையோடு பழகியவர் அவர். யாமும் திண்ணையில் இருந்தேம். அம்மையார் நான்கு மணி நேரம் வெளியே சென்றுவந்தார். மகன் கஞ்சி குடித்தான், ஒருமுறை அழுதான், பின் தொண்டர் கைம்மணியை அசைக்கக் கேட்டுக் கூவிச் சிரித்தான். மீண்டுவந்த தாய் நெற்றி நிறைந்த நீற்றோடு வாயிலில் நின்று மகனை நோக்கினார். அவன் தாயை நோக்கினான். யாம் சித்தாந்த நூல்களிற் பலகாற் கண்ட இளைப்பொழித்தல் என்னுஞ் சொல்லின் பொருளை அன்று அவ்வாயிலிற் கண்டேம். அம்மண்டபத்தில் இப்பொழுது பின்வரிசையன்று, முன்வரிசையில் ஓரிடம் அவர்கட்கென விடப்படுகின்றது. அப்பிள்ளை கூவும்போது யாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்கின்றோம்.

இளைத்தார்க்கு ஓய்வருளும் பெருமான் நம் கைகளையும் தன் தொழிற்குக் கருவியாகக் கொள்வானாக.

திருச்சிற்றம்பலம்.